ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுங்கிய மாத்திரை

மதிப்பிற்குரிய என் மகனுக்கு,

உன்னைப் பெற்றவள் ராயபுரம் பழைய வீட்டிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் நலத்தை முதல் வரியிலேயே விசாரிப்பது முறை. ஆயினும் இக்கடிதம் முழுவதும் அந்த ஒரு விசாரணைக்காகவே எழுதப்படுவதால் அதை இவ்விடத்தில் தவிர்க்கிறேன். பெருமாநல்லூரில் நீ கட்டி முடித்திருக்கும் இரண்டாவது பனியன் யூனிட்டின் திறப்பு விழாவுக்கு நான் வந்து குத்துவிளக்கு ஏற்றித் தரவேண்டும் என்று நீ அனுப்பிய அழைப்பு கிடைத்து நாட்கள் கடந்துவிட்டன. பதில் தாமதமானமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தாமதத்துக்குக் காரணம் உடல்நலக் குறைவு அன்று, அருவருப்பு. பெற்ற பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் அந்தச் சொல்லை இடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். மளிகைக் கடைப் பொட்டலங்களைப் பிரித்து, சுருக்கம் நீவி, அவற்றில் அச்சாகியிருந்ததைப் படித்தே தமிழ் கற்றவள் நான். ஒவ்வொரு சொல்லையும் புடைத்துப் பார்த்தே பயன்படுத்துவேன் என்பது நீ அறிந்தது. புடைத்த பின்பும் அதுவே முறத்தில் நின்றது.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசத் தொடங்கினால் நீ "சரீங்கம்மா" என்பாய். இன்னும் கொஞ்சம் பேசினால் "சரீங்கம்மா, பாத்துக்கலாமுங்க" என்பாய். மூன்றாவது "சரீங்கம்மா"வுக்குள் உன் இன்னொரு கைபேசி ஒலித்துவிடும். கடிதத்தின் நடுவில் எதுவும் ஒலிக்காது. இதை நீ மறைத்து வைக்கவும் வேண்டியதில்லை. உன் மனைவி படிக்கட்டும், சூப்பர்வைசராக இருக்கும் அவள் அண்ணன் படிக்கட்டும், கேன்டீன் சுவரில் ஒட்டினாலும் எனக்கு மறுப்பில்லை. இவ்வூரில் முதலாளிப் பிள்ளைகளைப் பெற்று வைத்திருக்கும் மற்றத் தாய்மாரின் கைக்கு இது போய்ச் சேர்ந்தால் இன்னும் மகிழ்வேன்.

சென்ற ஆண்டு, நம் துணிகளை வாங்கும் வெளிநாட்டுப் பையர் வற்புறுத்தினார் என்பதற்காக, நம் பழைய யூனிட்டின் பேக்கிங் ஹாலில் மருத்துவ முகாம் நடத்தினாயே, அன்றிலிருந்து தொடங்குகிறேன். பெட்டிகளை ஒதுக்கி மேசை போட்டு, இளம் பெண் மருத்துவர் ஒருவர் ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளந்தார். வேடிக்கை பார்க்க வந்த என்னையும் உட்காரச் சொன்னார். பட்டை இறங்கியதும், "அம்மா, உங்களுக்கும் பிரஷர் இருக்குதுங்க" என்றார். எனக்குச் சினம் வந்துவிட்டது. "எனக்குத் தலைவலிகூட வந்ததில்லீங்களே" என்றேன். அவர் சிரித்தார். "அதுதாங்க இதோட குணம். வலிச்சா எல்லாரும் தானா வந்துருவாங்களே. பெரியவங்க நாலஞ்சு பேரு ஒண்ணா உக்காந்தா ஒருத்தருக்காச்சும் இருக்குதுங்க. இருக்கறதே பாதிப்பேருக்குத் தெரியாதுங்க" என்றார். அன்று அந்த ஹாலில் அதைக் கண்ணாலேயே கண்டேன். கட்டிங் மேசையில் ஒருவர், வாட்ச்மேன், கேன்டீனில் பரிமாறும் அம்மாள், அயர்ன் பகுதியில் ஒருவர் விட்டு ஒருவர் என்று பெயர்கள் விழுந்துகொண்டே இருந்தன. அவர்களில் எவரும் பருத்தவர் அல்லர், எவரும் காரில் ஏறி அமர்ந்தவர் அல்லர்.

கடைசியாக நீ அமர்ந்தாய். மருத்துவர் ஒருமுறை அளந்தார், முகம் மாறி மறுமுறையும் அளந்தார். "மேல நூத்தியெழுவது, கீழ நூத்திப்பத்துங்க. நீங்க இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கோணும்" என்றார். உடனே உன் மைத்துனன் கை தட்டினான். "அப்படிப் போடு மாப்ள! ஓனருன்னா நூத்தியெழுவதாச்சும் வேண்டாமா? நூத்திருவது இருந்தா கைமடிக்கத்தான் லாயக்கு!" என்றான். நீயும் சிரித்தாய். தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப்பவர்களும், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்தார்கள். என் அருவருப்பின் முதல் துளி அங்கே விழுந்தது.

அந்தச் சிரிப்பை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். நம் உறவில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், வெள்ளை வேட்டி கட்டிய நான்கு பேர் நாற்காலியை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கு நூத்தியெண்பதுங்க", "எனக்குச் சக்கரையும் சேர்த்துங்க" என்று புதுக் கார் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தால், "நமக்கும் ஒண்ணு குடுங்க, காலைல மறந்துட்டனுங்க" என்று அடுத்தவர் கை நீட்டுகிறார். எவருடைய மாத்திரை, எந்த அளவு என்ற கேள்வியே இல்லை. வெற்றிலை மாற்றிக்கொள்வதுபோல் மாற்றிக்கொள்கிறார்கள். அதை விழுங்கிய கையோடு பந்தியில் அமர்ந்து அப்பளத்தின் மேல் அப்பளம், ஊறுகாயின் மேல் மோர்மிளகாய். பிறகு காருக்குப் பின்புறம் போய் ஒரு புட்டி. உழைத்துச் சேர்த்த மரியாதையை உடம்பில் ஒரு நோயாகக் குத்திக்கொண்டு திரியும் இந்தப் பெருமையைக் காணும்போது எனக்குக் குமட்டுகிறது.

உன் தந்தையை நினைத்துக்கொள். இதே வீட்டின் பின்கட்டில் இரண்டு மெஷின் போட்டுத் தொழில் தொடங்கியவர். மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது தைத்து, எப்போது போகிறதோ அப்போது உறங்கி, ஒழுங்கான உறக்கம் என்பதையே அறியாமல் வாழ்ந்தவர். பழைய சோற்றில் கல்லுப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ள ஊறுகாயும் கேட்பார். "உப்புப் பத்தல சாமி" என்று அவர் சொல்லும் முன்பே நான் இன்னும் ஒரு பிடி வைத்துவிடுவேன். வெயில் ஏற ஏற வாயில் புகையிலை அடங்கியிருக்கும். அவருடைய தகப்பனார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தே போய்ச் சேர்ந்தவர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்துச் சொல்ல எவரும் இருக்கவில்லை. காதர்பேட்டையில் ஒரு கடைவாசலில் பனியன் கட்டை இறக்கி வைத்துவிட்டு, "வெயிலு ஒரு மாதிரியா இருக்குது" என்று சொல்லிச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சூடு ஏறிவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன். அவர் கையில் ஒருநாளும் எவரும் பட்டை சுற்றி அளந்ததில்லை. அந்த உப்புக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் செய்தது துயரம், அதை நான் சுமப்பேன். தெரிந்தபின் செய்வதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரை இக்கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

இனி அயர்ன் மாஸ்டர் தேவசகாயத்தைப் பற்றி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நம் யூனிட் தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து நீராவி இஸ்திரிப் பெட்டி பிடித்தவர். முகாமில் அவருக்கு உன்னைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. இருவருக்கும் மருத்துவர் ஒரே மாத்திரையைத்தான் எழுதினார். "இதைப் போட்டா சிறுநீர் கொஞ்சம் அடிக்கடி போகுமுங்க. பயப்படாதீங்க, தெனமும் போடோணும், விடக்கூடாது" என்று இருவரிடமும் சொன்னதை அருகில் நின்று கேட்டவள் நான்.

ஆனால் உன் யூனிட்டில் சிறுநீர் கழிக்கச் செல்வது அவ்வளவு எளிய காரியமா? நூல் தீர்ந்த வெறுங்கோன் கூம்புகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாகச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்தாய். கோன் ஆணியில் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் போனவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதையும் சூப்பர்வைசரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இத்தனை ஆண் பெண் கண்களுக்கு நடுவே, எங்கே போகிறேன் என்று பறை அறிவிப்பதுபோல் நடந்து போய்வர வேண்டும். எத்தனை கைகளின் வியர்வையும் அழுக்கும் ஏறி அந்தக் கோனின் கழுத்து கறுத்துப் போயிருந்தது என்பதை நீ பார்த்ததுண்டா? பார்த்திருக்க மாட்டாய். உன் அறைக்குள்ளேயே உனக்குக் கழிப்பறை உண்டு, அதில் மல்லிகை மணக்க ஒரு வில்லை தொங்குகிறது. வெளிநாட்டுப் பையர் வரும் நாளில் அந்தக் கோன்களையெல்லாம் கழற்றி உன் பீரோவுக்குள் பூட்டுகிறாயே, அப்போது உன் கை கூசவில்லையா? ஒளித்து வைக்கத் தோன்றும் பொருள் இழிவானது என்பதை உன் கை அறிந்திருக்கிறது. நீ அறியவில்லை.

கேன்டீனுக்குத் தேநீர் குடிக்கச் சென்ற ஒரு முற்பகலில் இதை நானே கேட்டேன். தேவசகாயம் இரண்டாம் முறையாகக் கோன் கேட்டு நின்றார். உன் மைத்துனன் எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏனுங்க மாஸ்டர், உங்க ஊட்டுத் தண்ணித் தொட்டி ஒடைஞ்சு போச்சுங்களா? ஒரு பிளம்பரக் கூப்புட்டுருவமா?" என்றான். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். "இல்ல சார், சும்மாதான் கேட்டேன். பொறவு போய்க்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினார். அவர் திரும்பிய விதத்தைக் கண்டு நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். அன்று மாலையே உன்னிடம் சொன்னேன். "மச்சான் சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுவாருங்கம்மா" என்றாய்.

பிறகு, உடனே கப்பலேற்ற வேண்டிய அவசர ஷிப்மெண்ட் ஒன்று வந்தது. இரவு முழுவதும் வேலை, மறுநாள் பகலும் வேலை. உறக்கம் இல்லை. உறங்காமலிருக்க வாயில் புகையிலை, பசிக்கு உப்பும் எண்ணெயும் சொட்டும் வடை, சுற்றிலும் நீராவி. எந்த நோயை அளந்து பார்க்க முகாம் நடத்தினாயோ, அந்த நோயைத் தயாரிக்கும் மெஷின்களையும் அதே கூரைக்குக் கீழேதான் ஓட்டுகிறாய். சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு தேவசகாயத்தின் கையிலிருந்து நீராவிப் பெட்டி நழுவிற்று. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வலப் பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்டது, வாய் கோணிற்று, பேச்சு நின்றது. நீ உன் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு போனாய், செலவையும் ஏற்றாய். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வராந்தாவில் நின்று நீ சொன்ன வாக்கியத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? "மாத்திரைய ஒழுங்காப் போட்டிருக்க மாட்டாருங்க. அவரு ஒடம்ப அவருதானுங்க பாத்துக்கோணும், நாம என்ன பண்றது?" என்றாய்.

அதைக் கேட்டுக்கொண்டே அவர் மனைவி ஞானம்மாள் சுவரோரம் அமர்ந்திருந்தாள். நீ போனபின் நான் அவள் அருகே உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மொதலாளி தப்பா நெனச்சுக்கிட்டாவ. அவிய மாத்திரய ஒழுங்காத்தான் போட்டாவ. ஞாயித்துக்கெழம தோறும் கோயிலுக்குப் போயிட்டு வந்து, சாப்புட்டு, ஒண்ணு. ஒரு வாரங்கூட விட்டதில்ல பாத்துக்கிடுங்க" என்றாள்.

"மத்த நாள்ல?" என்று கேட்டேன்.

"மத்த நாளு எப்படிம்மா போட? போட்டா ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கும்லா. அந்தச் செவப்புக் கோன எத்தன தடவ போய்க் கேக்க? மானம் போவுதுட்டீன்னு எங்கிட்ட சொல்லுவாவ. தண்ணியே குடிக்காம கெடப்பாவ. ஞாயித்துக்கெழமன்னா வீட்டுல இருப்பாவல்லா, எத்தன தடவ போனாலும் யாரு கேக்கப் போறா? லீவு நாள்ல போட்டாலும் ஒடம்புல சேரத்தானம்மா செய்யும்?"

சேராது என்பதை அந்த நேரத்தில் சொல்லாமல் அவள் கையைத் தடவிக் கொடுத்தேன். தினமும் விழுங்க வேண்டிய மருந்தை, அரசு விடுமுறையைப் போல ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைத்த இந்தத் தவறை உலகத்தில் வேறெங்கும் மனிதர்கள் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. நம் கூரையின் கீழ் செய்தார்கள். முகாமுக்கு வந்த அந்தப் பெண் மருத்துவரைப் பிறகு சந்தித்து இதைச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் குடுத்திருப்பனேங்க" என்றார். எப்படிச் சொல்வார்கள்? கழிப்பறைக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை என்று ஒரு மனிதர் எந்த வாயால் சொல்வார்?

உன் வீட்டுக்குத் திரும்பி வந்து உன்னிடம் அனைத்தையும் கூறினேன். நீ தலை குனிந்திருந்தாய். எனக்குச் சிறிது நம்பிக்கை பிறந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, "கோன எடுத்துட்டா புரொடக்சன் படுத்துருமுங்கம்மா. ஆளாளுக்குப் போய் உக்காந்துக்குவாங்க. உங்களுக்குத் தெரியாதுங்க" என்றாய். தெரியாது என்று என்னைச் சொன்னாய். அந்தக் கணத்தில் உன் மேசை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உனக்கு எழுதித் தந்த மாத்திரை அட்டை ஒன்று உள்ளே கிடந்தது. மூன்று குழிகள் மட்டும் வெறுமையாக இருந்தன, மற்றவை வாங்கியபடியே பளபளத்தன. நான் அதை எடுத்து நீட்டியதும் நீ கூச்சமே இல்லாமல் சொன்னாய்: "பையரு உக்காந்திருக்கைல எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா மருவாதியா இருக்குங்களா? சீசன் முடியட்டுமுங்க, போட்டுக்கறேன்."

மகனே, நீ சொன்னதும் தேவசகாயம் சொன்னதும் ஒன்றுதான் என்பது உனக்கு உறைக்கவே இல்லையா? அவருக்கு மானம், உனக்கு மருவாதி. அவருடைய கோன் சுவரில் தொங்கிற்று, உன்னுடையது உன் தலைக்குள் தொங்குகிறது. அவரை மறித்தவன் நீ. உன்னை மறிப்பவன் எவனும் இல்லை, கதவு பத்தடியில் இருக்கிறது. அப்படியிருந்தும் விழுங்க மாட்டாய். பாட்டன் படுத்த கட்டிலும் தகப்பன் சாய்ந்த கடைவாசலும் தெரிந்தும் விழுங்க மாட்டாய். இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் காரிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து, இடுப்பு ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, கைபேசியில் கத்திக் கத்தி முகம் சிவந்து, மாலையில் பையரோடு குடித்து, அதன்மேல் உப்பிட்ட முந்திரியை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொள்ளும் உன்னை, நான் பெற்ற பிள்ளை என்பதற்காகவே பார்க்க முடியாமல் அன்று இந்த ராயபுரத்து வீட்டுக்கு வந்தேன். கோபித்துக்கொண்டு வந்தேன் என்று நீ உறவினரிடம் சொல்வதாக அறிகிறேன். கோபம் ஓர் இரவில் ஆறிவிடும். இது ஆறவில்லை.

ஆறியும் இருந்திருக்கும். உன் அழைப்பிதழ் வந்த அன்று என் மனம் இளகத்தான் செய்தது. உன் மைத்துனன் இனிப்புப் பெட்டியோடு வந்து, "அத்தை, நீங்க வந்து வெளக்கேத்துனாத்தானுங்க மாப்ளைக்குத் திருப்தி" என்று பணிவாகச் சொன்னான். வருகிறேன் என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அவனை வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே செய்தித்தாள் விரித்து, அதன்மேல் வரிசையாக, ஈரம் காயாத சிவப்புப் பெயிண்டில் புதிய கோன்கள். வாடை மூக்கில் அடித்தது. "இதென்னப்பா?" என்றேன். "புது யூனிட்டுக்குங்க அத்தை. அங்க ஆளு ஜாஸ்தி, அதான் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பண்ணியாச்சுங்க" என்று பெருமையோடு சொன்னான். அவன் போனபின் அந்த இனிப்பைத் திறக்க என்னால் இயலவில்லை. எறும்பு மொய்த்தபின் வெளியே வைத்தேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்துகொள். கணவர் படுக்கையில் கிடப்பதால் ஞானம்மாள் உன் பழைய யூனிட்டிலேயே செக்கிங்கில் சேர்ந்திருக்கிறாள். தன் கணவர் கேட்கக் கூசிய அதே கோனை இன்று அவள் கேட்டு வாங்கித் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அவளுக்கும் நாற்பது கடந்துவிட்டது. அவள் கையில் எவரேனும் பட்டை சுற்றி அளந்தார்களா என்று கேட்டேன். "எனக்கு என்னம்மா, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தாள். நானும் அப்படித்தான் சொன்னேன். உன் தந்தையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

எனவே என் விடை இது. அந்தக் கோன்கள் தொங்கும் சுவருக்கு முன்னால் நான் விளக்கு ஏற்ற மாட்டேன். பழைய யூனிட்டின் சுவரிலும் புதிய யூனிட்டின் சுவரிலும் ஆணி உட்பட அவை அகற்றப்பட்டன என்று நீ உன் கைப்பட எழுதினால் வருவேன். பீரோவுக்குள் பூட்டியிருப்பதை அகற்றியதாகக் கொள்ள மாட்டேன், வந்து பீரோவையும் திறந்து பார்ப்பேன். அதோடு, நீ அந்த மருத்துவரிடம் நேரில் போய், மாத்திரையை ஏன் போடவில்லை என்ற உண்மையைச் சொல்லி, உனக்கு ஒத்துவரும் வேறொன்றைக் கேட்டு வாங்கி, ஞாயிறு திங்கள் என்று பாராமல் ஒவ்வொரு நாளும் விழுங்க வேண்டும். போகும்போது ஞானம்மாளையும் காரில் ஏற்றிக்கொண்டு போ. பின் இருக்கையில் வேண்டாம், உன் அருகில்.

உன் தந்தையின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. உன்னுடையது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அளந்து, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் மாற்றாமல் எழுதி, விரைவில் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் தாய்